முத்துமாரிக்கு வரைந்த அட்டை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது கனகவேல் அண்ணாச்சியின் மகள் கூப்பிட்டாள். "டீச்சர், அப்பா போயிட்டாக" என்றாள். பிறகு நான் கேட்காமலே, "காப்பி குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சிருந்தாக. தம்ளரை எடுக்கப் போனப்பதான் தெரிஞ்சிச்சு" என்றாள். தாள்களை அப்படியே விட்டுவிட்டு விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் பேருந்து ஏறினேன்.

அவரை நேரில் அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. அறியாதவர்கள் வீட்டுக்கும் தீபாவளிதோறும் அவர் வரைந்த மயிலும் சிங்கமும் பட்டாசுப் பெட்டிகளின் மேல் வந்து போயிருக்கும். சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் ஓவியராக இருந்தார். பெட்டி, காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் வரைந்தார். சீசன் ஓய்ந்த மாதங்களில் நாவல்களுக்கு அட்டை போட்டார். என் மூன்று நாவல்களுக்கும் அட்டை அவருடையதுதான்.

முதல் நாவல் அச்சுக்குப் போன சமயத்தில் முன்பின் தெரியாத ஒரு குரல் போனில் வந்தது. "டீச்சர், ஒங்க கதையில முன்னூறு பக்கத்துக்கு மழையே வரல. பதிப்பாளரு அட்டையில குடை பிடிச்ச பொண்ணைப் போடச் சொல்றாரு. அந்த ஊர்ல யாரு வீட்லயாவது குடை இருக்கா?" என்று கேட்டது. வெம்பக்கோட்டைப் பக்கத்து மானாவாரிக் காட்டில், மழைக்குக் காத்திருக்கும் ஒரு குடும்பத்தின் கதை அது. இல்லை என்றேன். வெடித்த கரிசல் நிலமும், விதைக்காமல் சாத்தி வைத்த மூட்டையுமாக அட்டை வந்தது. அட்டை போடுகிறவர் நாவலைப் படித்திருப்பார் என்று அதுவரை நான் எதிர்பார்த்ததே இல்லை.

பின்னொரு நாள் அதைச் சொன்னபோது சிரித்தார். "பட்டாசுப் பெட்டி மேல என்ன படம் போட்டாலும் உள்ள இருக்கிறது வெடிச்சிரும். புத்தகம் அப்படியில்ல. மேல ஒண்ணு உள்ள ஒண்ணுன்னா, வாசிக்கிறவன் இருபது பக்கத்துல நம்மளக் கண்டுபிடிச்சிருவான்" என்றார்.

அவருக்கும் எனக்கும் சண்டை வந்தது இரண்டாவது நாவலில்தான். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் நடந்த விபத்தைப் பற்றி எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் கேள்விப்பட்டிருந்தேன். உடன் வேலை பார்த்த இரண்டு பேரை வெளியே இழுத்துப் போட்ட ஒருத்தி தீயில் சிக்கினாள், மதுரைக்குக் கொண்டு போனார்கள் என்று சொன்னார்கள். அதற்கு மேல் சொன்னவர்களுக்குத் தெரியவில்லை. என் நாவலில் அவள் கடைசி அத்தியாயத்தில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். கைப்பிரதியைப் படித்தவர்கள் எல்லோரும் அழுதார்கள்.

பதிப்பாளர் அட்டை முழுக்கத் தீ வேண்டும் என்றார். அண்ணாச்சி அனுப்பிய படத்தில் தீ இல்லை. ஒரு பெண் வாசல்படியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடச் சீருடை போட்ட மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் வெந்து சுருங்கி, ஒரு பக்கமாக வளைந்திருந்தன.

உடனே கூப்பிட்டேன். "அண்ணாச்சி, இந்தக் காட்சி நாவல்ல இல்லையே."

"இல்லதான்."

"அவ கடைசியில செத்துப்போறா."

"ரெண்டு தடவை வாசிச்சேன், டீச்சர். நல்லா எழுதியிருக்கீக. ஆனா அவ சாகல. எங்க அச்சாபீஸ்லதான் பெட்டி ஒட்டுறா. பேரு முத்துமாரி."

நாவல் என்பது செய்தி அல்ல, அவள் நான் உண்டாக்கிய பாத்திரம் என்றேன்.

"சரிதான். கதை ஒங்களது. ஆனா அவ பிள்ளை பதினொண்ணு படிக்குது, கையில கெடைக்கிறதை எல்லாம் வாசிக்கும். இது எந்த விபத்துன்னு இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அவ அம்மா எப்படிச் செத்தான்னு அந்தப் பிள்ளை வாசிக்கட்டும்ங்கீகளா?" என்றார். பிறகு, "தீயை வேணும்னா வரைஞ்சு தாறேன். எம் பேரை மட்டும் போட வேண்டாம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம். பதிப்பாளருக்கு அதைவிடக் கோபம். தீ இல்லாமல் பட்டாசு நாவலா என்று அண்ணாச்சியிடம் சத்தம் போட்டிருக்கிறார். "தீயைப் போட்டா தீப்பெட்டி லேபிள்னு நெனச்சிருவாக, அய்யா" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். வேறு ஆளை வைத்து வரைந்துகொள்கிறேன் என்று பதிப்பாளர் மிரட்ட, "வரைஞ்சுக்கிடுங்க" என்றாராம்.

படம் என் மேசையிலேயே கிடந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் அங்கேதான் போயிற்று. வளைந்த விரல்களில் மூன்று கால் பின்னலை எப்படிப் பிடிப்பாள்? ஒரு கால் முடியைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கியிருந்தாள். அப்படியென்றால் மாவு பிசைவது எப்படி? பேருந்தில் சில்லறை எடுப்பது எப்படி? முதல் முறை அந்தக் கையோடு வெளியே வந்தபோது யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்? கேள்விகள் வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட்டு, அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவதிலிருந்து இரண்டு அத்தியாயங்கள் எழுதினேன். அவளைச் சாகடித்தபோது ஒரே மூச்சில் எழுதியவள், அவளைப் பிழைக்க வைக்கத் திணறிப்போனேன். எழுதி முடித்தபோது அந்தத் தலைபின்னும் காலை தானாகவே கதைக்குள் வந்திருந்தது. புதிய முடிவைப் படித்த பதிப்பாளர், "இனிமே வேற அட்டை ஒட்டாது" என்று விட்டுவிட்டார். இன்றும் வாசகர்கள் என்னிடம் பேசுவது அந்த இரண்டு அத்தியாயங்களைப் பற்றித்தான்.

எல்லா அட்டையும் அவருக்கு அமைந்துவிடவில்லை. சிரிக்கச் சிரிக்க எழுதிய என் மூன்றாவது நாவலுக்கு எழவு வீடு போல ஒரு படம் அனுப்பினார். கேட்டதற்கு, "அன்னைக்கு எனக்குக் கடவாய்ப் பல்லுல வலி, டீச்சர். வேற போடுறேன்" என்றார். போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் தெருவில் பந்தலின் ஓரமாக நின்றிருந்தேன். முத்துமாரி வந்து பக்கத்தில் நின்றாள். அதற்கு முன் அச்சகத்தில் பார்த்துத் தலையசைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

"படம் வரையுறதுக்கு முந்தி எங்கிட்ட வந்தாக" என்று அவளாகவே ஆரம்பித்தாள். "மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒரு கதையில ஒன்னைய மாதிரி ஒருத்தி வாரா, ஒன்னைய வரையட்டுமான்னு கேட்டாக. நீ வேண்டாம்னா வேண்டாம்னாக."

"நீங்க என்ன சொன்னீக?"

"மூஞ்சியை மாத்திருங்க அண்ணாச்சி, கையை மட்டும் மறைச்சிராதீகன்னேன். அந்தக் கைதானே அன்னைக்கு ரெண்டு பேரை வெளிய இளுத்துச்சு." தன் கையை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்புறம் சேலைத் தலைப்புக்குள்ளயே வச்சிருப்பேன். புத்தகம் வந்ததும் எம்மக அட்டையைக் காட்டி, அம்மா, ஒன் கைன்னா. அதுக்கப்புறம் மூடுறதில்ல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இத்தனை வருடமும், என் நாவலை ஊன்றிப் படித்துத்தான் அவர் அந்த அட்டையை வரைந்தார் என்று நினைத்திருந்தேன். நான் போகாத இடத்துக்குப் போய், நான் கேட்காதவளிடம் கேட்டுவிட்டு வரைந்திருக்கிறார். "அவகிட்டக் கேட்டுட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நான் அடங்கியிருப்பேன். அதைச் சொல்லி அவர் என்னை மடக்கவில்லை. முடிவை நானே கண்டுபிடிக்க விட்டுவிட்டார். அதற்கு நன்றி சொல்ல இப்போது அவர் இல்லை. அதனால் உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அந்த மத்தியான நேரத்தில் அவர் அனுமதி கேட்டதைத்தான். இப்போது எழுதும் நாவலில் பட்டாசு லோடு ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநர் ஒருவர் வருகிறார். அவர் கதையைப் பிறர் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். ஆள் சாத்தூரில் இருக்கிறார் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை போய்ப் பார்க்கப்போகிறேன். வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வார்.