கோச்சம்மாவும் நாங்கள் ஐந்து பேரும்

ரிச்சர்ட்சனில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்டில், நீச்சல்குளத்துக்குப் பின்னால் ஒரு கூடைப்பந்து மைதானம் இருந்தது. தொண்ணூற்றேழாம் வருடக் கோடைவரை அது எங்களுக்கு வற்றல் காயவைக்கும் இடம். டெக்சாஸ் வெயிலில் கூழ்வற்றல் ஒரே நாளில் காய்ந்துவிடும்.

ஒரு நாள் காலை என் வற்றல் துணியின் அருகே உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். இடுப்பில் குடம் மாதிரி ஒரு பந்து. இது என்ன என்று கேட்டார். சாப்பிடுகிற பொருள் என்றேன். பாதி காய்ந்த ஒன்றை எடுத்து வாயில் போட்டு, வெகுநேரம் மென்று, கஷ்டப்பட்டு விழுங்கினார். பிறகு துணியின் நான்கு மூலைகளையும் சேர்த்துப் பிடித்து, வற்றலோடு அப்படியே தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே பந்தை வீசினார். வலை மட்டும் சரக்கென்றது. ஒன்பது முறை வீசினார். ஒன்பதும் உள்ளே போயின. நான் மூட்டையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் செர்பியாக்காரர். மகன் என் கணவரின் டெலிகாம் கம்பெனியில் இன்ஜினியர். ஊரில் நிலைமை சரியில்லை என்று அம்மாவை அழைத்து வந்திருந்தார். எனக்கோ வேலை பார்க்க முடியாத விசா. ஆகப் பகல் முழுக்கச் சும்மா இருப்பவர்கள் நாங்கள் இருவரும்தான். அவர் வீட்டில் அவர் போட்ட காபியை நான் குடிப்பேன். என் வீட்டில் நான் போட்ட ஃபில்டர் காபியை அவர் குடிப்பார். அடுத்தவர் காபி குடிக்கவே முடியாத ரகம் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. குடித்தபடியே தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம், அவர் சிறுமி; ஊரில் பந்து போடும் கூடை என்று ஒன்று கிடையாது. அப்பாவின் மரப்பீப்பாயிலிருந்து இரும்பு வளையத்தைக் கழற்றிச் சுவரில் அடித்துவிட்டார். பீப்பாய்க்குள் ஒரு வருடத்துப் பிளம் பழச் சாராயம் இருந்தது. அது தெருவில் ஓட, அதன் பின்னால் இவர் ஓட, இவர் பின்னால் அப்பா ஓடினாராம். தனக்கு ஓடக் கற்றுக்கொடுத்த முதல் கோச் அப்பாதான் என்பார். அந்த ஊரிலிருந்து நாட்டுக்காக ஆடப்போன முதல் பெண் இவர். ஆட்டத்தில் மூக்கு இரண்டு முறை உடைந்தது. முதல் முறை இடது பக்கம் சாய்ந்தது, இரண்டாம் முறை நேராகிவிட்டது.

பிறகு, அதுவரை எந்தப் பெண்ணும் செய்யாத வேலையாக, ஆண்கள் அணிக்குக் கோச் ஆனார். ஒரு பொம்பளை சொல்லி நாங்கள் ஆடுவதா என்று அவர்கள் முறைத்தார்கள். சரி, ஆளுக்கொரு ஆட்டம் என்னோடு ஆடுங்கள், தோற்றவர் அரங்கத்தின் தரையைத் துடைக்க வேண்டும் என்றாராம். அந்த வருடம் தரை கண்ணாடி மாதிரி இருந்ததாம். ஜெயித்த கோப்பைகளில் ஒன்றை மட்டும் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்திருந்தார். அதில் மிளகாய் ஊறுகாய் போட்டு வைத்திருந்தார்.

இப்படிப்பட்டவர் சும்மா இருப்பாரா? அபார்ட்மெண்டில் என்னையும் சேர்த்து ஐந்து தமிழ்ப் பெண்கள் இருந்ததைக் கண்டுபிடித்தார். கூடைப்பந்துக்கும் ஐந்து பேர்தான். அதை அவர் கடவுளின் ஏற்பாடாகவே எடுத்துக்கொண்டார். லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த கோயம்புத்தூர் டாக்டர், சர்ச்சில் பாட்டுப் பாடும் நாகர்கோவில்காரி, சென்னையிலிருந்து வந்த அக்கா தங்கை இருவர், நான். அவருக்குக் கோச்சம்மா என்று பேர் வைத்து, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினோம்.

நான் திண்டுக்கல்லில் கல்லூரிக்காக த்ரோபால் ஆடியவள். அந்த ஆட்டத்தில் பந்தைப் பிடித்தால் நகரக் கூடாது. அதனால் பந்து கைக்கு வந்ததும் அப்படியே உறைந்துவிடுவேன். கோச்சம்மா என்னைச் சுற்றி வந்து பார்த்து, "வை ஸ்டாட்யூ?" என்று வருத்தமாகக் கேட்பார்.

இன்னொரு சிக்கல் யாருக்கும் புரியவில்லை. நாகர்கோவில்காரி பந்தை அழகாகத் தட்டிக்கொண்டு போவாள். கோச்சம்மா சந்தோஷத்தில் "தா, தா" என்பார். உடனே இவள் நின்று, பந்தை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்துவிடுவாள். டாக்டரும் அதையேதான் செய்தார். நன்றாக ஆடுகிறவர்கள் எல்லாம் ஏன் தன்னிடம் பந்தைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று தெரியாமல், இது இந்தியர்களின் மரியாதை போலும் என்று அவரும் தலைகுனிந்து வாங்கிக்கொள்வார். இரண்டு வாரம் கழித்துத்தான் நான் கேட்டேன். அவர் பாஷையில் 'தா' என்றால் 'ஆமாம்' என்று அர்த்தமாம். எங்கள் பாஷையில் என்ன அர்த்தம் என்று சொன்னதும் மைதானத்தில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, கணவர்களோடு மேட்ச் என்று அறிவித்தார். ஐந்து பேருக்கும் அதே டெலிகாம் கம்பெனியில்தான் வேலை. என் கணவர் சமையலறைக்கு வந்து, "நீங்கல்லாம் லேடீஸ், நாங்க கொஞ்சம் ஸ்லோவா ப்ளே பண்றோம், ஓகேவா?" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். பத்து நிமிடத்தில் அவர் ஸ்லோவாகத்தான் ஆடினார், வேறு வழியில்லாமல். மூச்சு வாங்கும்போதெல்லாம் ஷூ லேஸ் கட்ட வேண்டும் என்று குனிவார். அவர் போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ.

சட்டம் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால் கோச்சம்மாவே நடுவர். எங்கள் ஆளே விசில் வைத்திருக்கிறார் என்று மகிழ்ந்தோம். ஆனால் எங்கள் தப்பெல்லாம் அவருக்கு மனப்பாடம் என்பதால் எங்களுக்குத்தான் அதிகம் ஊதினார். ஒரே ஒரு உபகாரம் நடந்தது. டாக்டரின் கணவர் அருமையாக ஒரு திருப்பம் திரும்பினார். நல்ல ஆட்டத்தைப் பார்த்தால் கோச்சம்மாவுக்கு மனசு தாங்காது. "தா, தா" என்று கத்திவிட்டார். அந்த மனிதர் நின்று, பணிவாகப் பந்தை அவர் கையில் கொடுத்தார். கோச்சம்மா ஒரு கணம் யோசித்து, விசில் ஊதி, பந்தை எங்களுக்குக் கொடுத்தார்.

கடைசி நிமிடம். ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். பந்து என்னிடம் வந்தது. எதிரே யாருமே இல்லை. என் கணவர் லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடினேன். வாழ்க்கையில் முதல் முறையாக உறையாமல், பந்தைப் பால்குடம்போல் மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு முறைகூடத் தரையில் தட்டாமல், மைதானம் முழுவதும் ஓடிக் கூடைக்குள் போட்டேன். விழுந்தது. விசிலும் ஊதப்பட்டது. பந்தைத் தட்டாமல் ஓடியது தப்பு, பாயிண்ட் கிடையாது. தோற்றோம்.

நான் அழப்போனேன். விசில் ஊதியவரே ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். "நோ ஸ்டாட்யூ," என்றார், காதில். திங்கட்கிழமை அந்த ஐந்து கணவர்களும் ஆபீசில் மாடிப்படியைப் பக்கவாட்டில் ஏறினார்கள் என்று அவர் மகன் வந்து சொன்னார்.

மறுவருடம் ஒரு பள்ளி அவரைப் பெண்கள் அணிக்குக் கோச்சாக அழைத்துக்கொண்டது. நாங்கள் ஆலன் என்ற ஊர்ப் பக்கம் சொந்த வீடு தேடத் தொடங்கினோம். பார்க்கும் வீட்டுக்கெல்லாம் அவரையும் கூட்டிப்போனேன். வீடு காட்டிய ரியல்டர் அவரை என் மாமியார் என்று நினைத்துக்கொண்டு பயபக்தியோடு பேசினார். என் கணவர் காம்பஸை வைத்து வாஸ்து பார்ப்பார். கோச்சம்மா வீட்டுக்குள்ளேயே வர மாட்டார். கார் நிறுத்தும் இடத்தில் பந்தை வைப்பார். அது உருண்டு தெருவுக்குப் போனால், "பேட் ஹவுஸ்," என்று காரில் ஏறிவிடுவார். கிழக்கு வாசல் வீடுகள் நான்கு அப்படிப் போயின. கடைசியில் ஒரு வீட்டின் முன் பந்து அசையாமல் நின்றது. வாசல் தெற்கு. என் கணவர் காம்பஸையும் கோச்சம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஊரில் இருந்த மாமியாரிடம் கிழக்கு வாசல் என்றே சொல்லிவைத்தோம். அவர் வந்திறங்கிய மறுநாள் விடியற்காலை வாசலில் கோலம் போட்டுவிட்டு, சூரியனைத் தேடிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வீட்டைச் சுற்றிவந்து, பக்கத்துச் சுவர் ஓரத்தில் அதைக் கண்டு கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"இந்த ஊர்ல சூரியன் சைடு வாக்குல வருது போல," என்றார். ஆமாம் என்றோம் இருவரும்.