புரிஞ்சுக்கக்கா

இன்று சின்னாளபட்டி பஸ்ஸில் என் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, பேத்திக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். சீர்த்தட்டைத் தூக்கிக்கிட்டு நீதான் முன்னால நடக்கணும். வீட்டுக்கு மூத்தவ நீ."

எனக்கு என் மகளுக்குக் காது குத்திய நாள்தான் கண்ணில் நின்றது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார், இவனைக் காணோம். கொழுந்தியாள் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டான். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் மடி கொடுத்தார். "மாமா எங்கம்மா?" என்று கேட்டுக் கேட்டுப் பிள்ளை அழுதது.

மறுவாரம் வந்தவன் ஒரே பேச்சில் முடித்துவிட்டான். "என் நெலமையப் புரிஞ்சுக்கக்கா."

பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள் நான். ஆனாலும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அன்றைக்கே தெரிந்துவிட்டது. வலிக்கிறவள் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அப்படிச் சொன்ன ஒருவரும் இதுவரை என்னைப் புரிந்துகொண்டதில்லை.

"வாரியாக்கா?" என்றான்.

"அன்னைக்கு எனக்கு வேற சோலி இருக்கப்பு. புரிஞ்சுக்க."

"நான் இன்னும் தேதியே சொல்லலையே!"

"அதான் சொல்றேன்ல, புரிஞ்சுக்க."

முகம் சுண்டிப்போய் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டான். அவன் ஊர் இன்னும் வரவில்லை.

தட்டுத் தூக்கப் பக்கத்து வீட்டில் கேட்கட்டும். அன்றைக்கு எங்களுக்கு மடி கொடுத்ததும் பக்கத்து வீடுதான்.

நான் செய்தது தப்பென்று சொல்கிறவர்கள் கீழே கமெண்டில் தாராளமாகச் சொல்லலாம். தம்பியைப் புரிந்துகொள்ளச் சொல்லி மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.