உள்தாழ்ப்பாள்

அக்காவுக்குத் தாகமே எடுக்காது என்றுதான் அக்கம்பக்கத்தில் நினைத்திருந்தார்கள். கொளுத்துகிற வெயிலில் யாராவது மோர் நீட்டினாலும், "வேணாம்டி, வயிறு திம்முனு இருக்குது" என்பாள். பச்சைப் பொய்.

கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து அவளுக்கு இரண்டு காலும் விளங்காமல் போயிருந்தது. உப்பளம் பகுதியில் எங்கள் வாடகை வீட்டில் கக்கூஸ் பின்பக்கம். உயரமான படி, ஒருக்களித்து நுழைய வேண்டிய கதவு. சக்கர நாற்காலி படியோடு நின்றுவிடும். நான்தான் தூக்கிப் போவேன். நான் துணிக்கடை வேலைக்குக் கிளம்பிவிட்டால், திரும்பும்வரை அவளுக்கு வழியில்லை. அதனால் குடிப்பதையே விட்டுவிட்டாள். காலை டீயில் பாதியை என் டம்ளரில் ஊற்றிவிடுவாள்.

"படிக்குப் பதிலா சரிவு போட்டு, கதவ அகலமாக்கிக்கிறோம்" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"நாளைக்கு நீங்க காலி பண்ணிட்டா? பாக்கலாம், பாக்கலாம்."

பாக்கலாம் பாக்கலாம் என்றே வருஷங்களை ஓட்டினார். அந்த மனுஷன் நல்லா இருப்பாரா என்று வயிறெரிந்து திட்டியிருக்கிறேன். கடைசியில் அவர் வாசலில் நின்று தெருவே கூடும்படி கத்தினேன். மானத்துக்குப் பயந்து சம்மதித்தார்.

அக்காவோடு வேலை பார்த்த கொத்தனாரே வந்து கட்டினார். சரிவு, அகலக் கதவு, பிடித்துக்கொள்ளக் கம்பி. முதல் நாள் அவளே உருட்டிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே வந்ததும், "போய் டீ போடுடி. சொம்பு நெறைய போடு" என்றாள். மொத்தத்தையும் குடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று!

கொஞ்ச நாளில் முகம் உப்பியது, கால் வீங்கியது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வருஷக்கணக்காக நீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கி அடக்கி வைத்ததால் வந்த வினை. இனி டயாலிசிஸ். தண்ணீர் அளந்துதான்.

"இப்பதானே டாக்டர் குடிக்கவே ஆரம்பிச்சா" என்று அழுதேன். அவர்தான் என்ன செய்வார், பாவம்.

மெல்ல மெல்ல அவளுக்குச் சிறுநீர் பிரிவதே நின்றுபோயிற்று. ஆனாலும் நாளைக்கு நாலைந்து முறை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். சத்தமே இருக்காது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கதவைத் தட்டினேன்.

"உள்ள என்னாக்கா பண்ற?"

"சும்மாதான்டி உக்காந்திருக்கேன். அவ்ளோ சண்ட போட்டு கட்டினியே, வீணாப் போவக் கூடாதுல்ல."