இரைந்தது ஃபேன் இல்லை

என் மனைவியின் காதைப் பற்றி யாராவது குறைத்துப் பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஃபேன் கம்பெனியில் வேலை செய்கிறோம். நான் வேன் ஓட்டுகிறேன், அவள் டெஸ்டிங். பூட்டி முடித்த மோட்டார் ஒவ்வொன்றும் அவள் மேஜைக்கு வந்துதான் தீரவேண்டும். ஓடுகிற மோட்டார் மேல் ஸ்குரூடிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியை இடது காதில் ஒட்டிக்கொள்வாள். ஒரு மூச்சு நேரம்தான். "பேரிங் சரியில்ல, எடுத்துட்டுப் போ" என்பாள். பிரித்துப் பார்த்தால் உள்ளே குண்டு ஒன்று தேய்ந்திருக்கும். பதினாறு வருடமாக இப்படித்தான். கம்பெனியில் அவளுக்குப் பெயரே காதம்மா.

அந்தக் காதம்மா ஒருநாள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, "ஏங்க, இந்த ஃபேன் இரையுது" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் சொன்னால் நான் மறுபேச்சு பேச முடியுமா? அது அவளே பாஸ் பண்ணிய ஃபேன் வேறு. மானப்பிரச்சினை ஆகிவிட்டது. ஸ்டூல் போட்டு இறக்கினேன். புது பேரிங் போட்டாள். ஏற்றினேன். "இப்பவும் இரையுது." மறுபடி இறக்கினேன். மூன்று தடவை ஏறி இறங்கியதில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அடுத்து சந்தேகம் ஃப்ரிட்ஜ் மேல் போனது. அதற்கடுத்து பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் மேல். நேரே போய், "அக்கா, உங்க மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்று கேட்டாள். "அது காயில் போய் ஒரு வாரமாச்சேம்மா, நாங்களே குடத்துல தூக்கிட்டிருக்கோம்" என்றார் அந்த அக்கா. நான் வாசலிலேயே விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்ட் போனது. தெருவே அமைதியாகிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"ஃபேன் நின்னுட்டுதா?"

"எல்லாமே நின்னுட்டுது. கரண்ட்டே இல்லையேம்மா."

"அப்போ இரையறது எது?"

அவள் இடது காதைப் பொத்தினாள், எடுத்தாள், மறுபடி பொத்தினாள். பிறகு சோற்றைப் பார்த்தபடியே, "கம்பெனியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். "தெரிஞ்சா டெஸ்டிங்லேர்ந்து தூக்கி பேக்கிங்ல போட்டுடுவாங்க. அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டவா இவ்வளவு நாள் காதைத் தீட்டி வெச்சேன்?"

சொல்லாமல் இருந்தோம். ஆனால் அந்த வாரம் அவள் 'பேரிங் போச்சு' என்று ஒதுக்கிய முப்பத்தெட்டு மோட்டாரும் பிரித்துப் பார்த்தால் நல்ல மோட்டார். எங்கள் சூப்பர்வைசர், மூக்குக்கண்ணாடிக்காரர், எல்லார் முன்னாலும், "காதம்மாவுக்குக் காது அவுட்டா?" என்று கேட்டாராம். எனக்கு ரத்தம் கொதித்தது. அவள்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, காது டாக்டரிடம் நேரம் வாங்கினாள்.

டாக்டர் அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, கோடு போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். இடது காதின் கோடு ஓரிடத்தில் பள்ளத்தில் இறங்கி ஏறியது. "கீச்சுனு வர்ற மெல்லிசான சத்தம் இந்தக் காதுல குறைஞ்சிருக்கு. இரைச்சல் முழுசா போகும்னு சொல்ல முடியாது, பழகிக்கலாம். ஆனா இடது பக்கம் பெரிய சத்தம் ஏதோ இருக்கு. அது தொடர்ந்தா இன்னும் கெடும்" என்றார். இவளோ, "கனமான சத்தமெல்லாம் நல்லா கேக்குதில்ல, டாக்டர்?" என்று கேட்டு, ஆமாம் என்றதும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து தன் காதையே பழுதான மோட்டாராக நினைத்து ஆராய ஆரம்பித்தாள். காலண்டரில் பென்சிலால் குறித்தாள். கம்பெனி லீவான ஞாயிறு இரைச்சல் குறைவு, திங்கள் சாயங்காலம் அதிகம். அவள் மேஜைக்கு இடது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் ஏர் பைப் மேஜை. அங்கே ஒரு பெண் நாள் முழுக்க மோட்டாருக்குள் இருக்கும் இரும்புத்தூளைக் காற்றடித்து ஊதுவாள். ஒவ்வொரு ஊதலும் காதைக் கிழிக்கும். நாங்கள் எல்லாரும் அதைக் கேட்டுக் கேட்டுக் கேட்காமலே போயிருந்தோம். வீட்டில் இவள் ஸ்குரூடிரைவரை வலது காதுக்கு மாற்றி, ஃபேன், மிக்ஸி என்று அகப்பட்டதையெல்லாம் கேட்டுப் பழகினாள்.

அப்புறம் அந்த நாள் வந்தது. நான் லோடு ஏற்ற ஷெட்டுக்கு வந்திருந்தேன். மூக்குக்கண்ணாடிக்காரர் பத்து மோட்டாரை வரிசையாக வைத்து, "ஒண்ணு பழுது. எதுன்னு சொல்லுங்க, பார்ப்போம்" என்றார். ஷெட்டே கூடிவிட்டது.

"முதல்ல அந்தக் காத்தை நிறுத்தச் சொல்லுங்க சார்."

நிறுத்தினார்கள். வலது காதில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். "நாலாவது" என்றாள். கடைசிக்கு முந்தினதில் கொஞ்சம் நின்று, "ஒன்பதாவதும்" என்றாள்.

அவர் சிரித்தார். "நான் வெச்சதே ஒண்ணுதான்மா."

பிரித்தார்கள். நாலாவதில் அவர் வைத்த பழுது இருந்தது. ஒன்பதாவதில் குண்டைப் பிடிக்கிற வளையம் விரிசல் விட்டிருந்தது. அது அவருக்கே தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் மனிதர்.

ஒரே விசில், கைதட்டல். அப்பாடா, தப்பித்தோம் என்று நான் கண்ணாலேயே ஜாடை காட்டினேன். பேசாமல் வந்துவிடு என்று. அவளா கேட்பாள்? பையிலிருந்து தாளை எடுத்து மேஜைமேல் விரித்தாள்.

"சார், நான் ஒதுக்கின முப்பத்தெட்டும் நல்ல மோட்டார்தான். தப்பு என்னுது. என் இடது காது ஓயாம இரையுது."

அவர் தாளையும் ஒன்பதாவது மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்புறம் இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"என் சத்தம் எனக்கு இப்போ அத்துப்படி சார். அது மெல்லிசா கூவும், பேரிங் கனமா உருளும். என்னுதை ஒதுக்கிட்டு மிச்சத்தைக் கேட்டேன். இதுக்குக் காரணம் அந்த ஏர் பைப். அதைத் தனி ரூமுக்கு மாத்துங்க. ஊதறவங்களுக்குக் காது மூடி வாங்கிக் கொடுங்க."

"வேற யாருக்கும் வராதது உங்களுக்கு மட்டும் எப்படிம்மா வரும்?"

ஊதுகிற பெண் கையிலிருந்த பைப்பைக் கீழே வைத்தாள். "எனக்கு ரெண்டு காதும் இரையுது சார். மூணு வருஷமா. பைத்தியம்னு சொல்லிடுவாங்களோன்னு வீட்டுல கூட சொல்லல" என்றாள். அழுதுவிட்டாள். என் மனைவி போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் இன்னும் நான்கு கை உயர்ந்தன. மூக்குக்கண்ணாடிக்காரர் தானே போய் ஏர் பைப்புக்குக் காற்று தரும் கம்ப்ரஸரை அணைத்தார். அந்த மாதக் கடைசிக்குள் ஏர் பைப் தனி அறைக்குப் போய்விட்டது. காதம்மா இன்றும் டெஸ்டிங்கில்தான் இருக்கிறாள், இரைச்சலும் அவளோடு இருக்கிறது.

அன்றைக்கு அங்கே நின்றபோது எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற லோடுமேனின் கையைப் பிடித்து, "என் பொண்டாட்டிடா!" என்றேன்.

பதினாறு வருடமாக எங்கள் இருவரையும் பார்க்கிறவன் அவன். "தெரியும்ணே" என்றான்.