சாமிக்கு வைத்த ஸ்பேனர்

மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகளில் நல்லையா அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது சிரித்துவிடுவார்கள். முதலில் சிரிப்பது பெரும்பாலும் நானாகத்தான் இருக்கும். மனிதர் அப்படி. வானம் இருட்டினால் வேலைக்கு இரண்டு குடை கொண்டுவருவார், ஒன்று கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்று. அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்து ஊக்குக் குத்தி, தெருமுனை போவதற்குள் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பார். கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலக் கெடுபிடி எங்கள் ஊரில் தளர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு மட்டும் தளரவில்லை.

நாங்கள் இருவரும் தெங்கேராவில் ஒரு ரப்பர் கிடங்கில் வேலை செய்தோம். அவர் ஷீட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தரம் பிரிப்பவர். நான் எடை போடுகிறவன். தரம் பிரிக்கிறவனுக்குச் சந்தேகம்தான் தொழில், அதில் குற்றமில்லை. அவர் அதை வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார், அதுதான் எங்களுக்கு வேடிக்கை.

அப்படிப்பட்டவர், வண்டி ஓட்டத் தெரியாமல், ஒரு நட்டைக்கூடக் கழற்றிப் பழக்கமில்லாமல், பழைய பிக்கப் ஒன்றை வாங்கினார் என்றால் அதற்கும் காரணம் பயம்தான்.

அவருக்கு ஒரே மகள், விஜயா. ஆறு வயது. இழுப்பு நோய்க்காரி. அந்த வருஷம் ஜனவரியில் ஒரு மத்தியானம், கொட்டுகிற மழையில் பிள்ளைக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. வாடகைக் கார் ஒன்றும் அகப்படவில்லை. மழைக் கோட்டில் சுருட்டிச் சைக்கிளில் வைத்து மிதித்தார். பாதி வழியில் செயின் கழன்றது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். போய்ச் சேர்ந்தபோது அவள் உதடு நீலமாகியிருந்தது. ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் கண்ணில் அந்த நீலம்தான் இருந்தது என்று என்னிடம் சொன்னார்.

வண்டி கிளேபாங்கில் கிடந்தது. கோழிப்பண்ணை வைத்திருந்த ஒரு சீன முதலாளியின், தவுக்கே என்போம், கொல்லையில், தென்னை மரத்தடியில், ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின காலத்து பிக்கப். பின்னால் பலகைத் தட்டு, அதிலும் பாதி கறையான் தின்றது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும் வரைக்கும் பொறு என்றார் தவுக்கே. நல்லையா அண்ணன் பொறுத்தார். பிறகு மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்தோம். முன்னால் மாடு, பின்னால் மோட்டார். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது.

எட்டு மாதம் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினார். வேலை விட்டு வந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்துவிடுவார். ஒவ்வொரு திருகாணியையும் பால்டின்னில் போட்டு, எங்கிருந்து கழற்றியது என்று சீட்டு எழுதி வைப்பார். ஒரு தடவை எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு டின்னில் ஒரு திருகாணி மிஞ்சிவிட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார். பெட்ரோல் தொட்டி கசிந்தபோது, துணி துவைக்கிற சவுக்காரத்தைத் தேய்த்து அடைக்கச் சொன்னான் கணேசமூர்த்தி. அவருடைய மச்சான், மனைவி ருக்மணியின் தம்பி, ஜாசினில் லோரி ஓட்டுகிறவன். அடைத்தார். அடைத்துவிட்டு, வாடை போகும்வரை அடுப்பு மூட்டக்கூடாது என்று ருக்மணியைத் தடுத்துவிட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் ரொட்டிதான்.

முதல்முறை இஞ்சின் பிடித்தபோது அவர் கதவைத் திறந்துகொண்டு குதித்துத் தெருவுக்கு அந்தப் பக்கம் ஓடினார். வண்டி அது பாட்டுக்கு நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சுதந்திர நாளில் ஊரே கொடியோடு போனபோதும் அவர் வண்டிக்கு அடியில்தான் கிடந்தார்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சான் மூர்த்தி வந்து திடலில் ஓட்டச் சொல்லிக்கொடுத்தான். கிளம்புமுன் அண்ணன் நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, மேலே ஒரு கை கீழே ஒரு கை வைத்து, ஆட்டிப் பார்ப்பார். இறங்கின பிறகும் ஆட்டுவார். பத்து கஜம் போய் நிறுத்தினாலும் ஆட்டுவார். எங்கள் தெருப் பிள்ளைகள் சைக்கிள் சக்கரத்தைப் பிடித்து அதேபோல் ஆட்டி விளையாடினார்கள். ருக்மணியும் ஆட்டிக் காட்டுவாள், எங்களைச் சிரிக்க வைக்க.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. அன்று சாயங்காலம் சுண்டல் வாங்கிக்கொள்ள நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். முன் இடது சக்கரத்தைக் கழற்றிக் கிரீஸ் போட்டு, திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். ஐந்து நட்டையும் கையால் திருகிவிட்டு ஸ்பேனரை எடுத்தார். அந்த நேரத்தில் ருக்மணி தலை முழுகி ஈரக் கொண்டையோடு வந்தாள்.

"நல்ல நேரம் முடியப்போவுதுங்க. எல்லாத்தையும் கழுவி வச்சாச்சு, இது ஒண்ணுதான் பாக்கி" என்று சொல்லி அவர் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிப் போனாள். கழுவினாள், சந்தனமும் குங்குமமும் வைத்தாள், சாமி மாடத்தின் முன் கத்தரிக்கோல், அரிவாள்மனை, விஜயாவின் புத்தகம் எல்லாவற்றோடும் சேர்த்து வைத்தாள். அந்த நட்டுக்குப் பொருந்துகிற ஸ்பேனர் அந்த வீட்டில் அது ஒன்றுதான். பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை செய்து எடுக்கும்வரை யாரும் தொடமாட்டோம். அதுவும் யாருடைய ஆயுதமோ அவர்தான் எடுக்கவேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

அண்ணன் சக்கரத்தையும் சாமி மாடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"என்னாண்ணே, சாமிகிட்ட வச்ச ஸ்பேனரு ஓடிப் போயிடுமா" என்றேன்.

ருக்மணி சிரித்தாள். விஜயா ஓடிப்போய்ச் சக்கரத்தை ஆட்டுவதுபோல் நடித்தாள். எல்லாரும் சிரித்தோம். அவரும் வாயை மூடிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தார்.

மறுநாள் விஜயதசமி. அவருக்குக் காலை ஆறு மணி வேலை. நான் என் பையனுக்கு முதல் எழுத்து எழுத வைக்கக் கோயிலுக்குப் போய்விட்டுப் பத்து மணிக்குத்தான் கிடங்குக்குப் போனேன். அண்ணன் ஜன்னலருகே ஷீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்க பிக்கப்பு இன்னைக்கு ராஜா மாதிரி போவுதுண்ணே" என்றேன். "மூர்த்தி வந்துட்டான். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு, சூடம் காட்டி, நசுக்கிட்டு கெளம்பிட்டாங்க. அண்ணியும் பாப்பாவும் முன்னால உக்காந்திருக்காங்க. செமாபோக்ல அண்ணியோட அக்கா வீட்டுக்காம்."

ஷீட் அவர் கையிலிருந்து விழுந்தது.

"ரெண்டு மணிக்கு நான் வந்தப்புறம்னுதானே சொன்னேன்" என்றார்.

"மூர்த்திக்கு இன்னைக்கு ஒருநாள்தான் லீவாம். ஒம்பதரைக்கே போயிட்டாங்க. என்னாண்ணே?"

அவர் சைக்கிளை எடுத்தார். முகத்தைப் பார்த்து நானும் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். முதலில் காஜா பெராங்குக்குத்தான் மிதித்தார். வாசலில் வண்டி நின்ற இடத்தில் நாலு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தன. செருப்போடு உள்ளே ஓடினார். சாமி முன்னால் ஒரு கணம் நின்றார். பிறகு மறுபூஜையும் இல்லாமல் கையும் கழுவாமல் ஸ்பேனரை எடுத்தார். கடவுளுக்குப் பயந்த அந்த மனிதர் அப்படிச் செய்ததைப் பார்த்தபோதுதான் இது விளையாட்டில்லை என்று எனக்குப் புரிந்தது.

"முன் சக்கரம், தியாகு" என்றார். "நட்டு கைமுறுக்குலதான் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் எனக்கும் ஒன்றும் தேவைப்படவில்லை.

செமாபோக் அங்கிருந்து மூன்று மைல். ஊரைக் கடந்து, பண்டா ஹிலிரைத் தாண்டிப் போகவேண்டும். ஒவ்வொரு வளைவிலும் எனக்குக் கூட்டம் தெரிந்தது. கிட்டே போனால் மீன்காரரைச் சுற்றி நிற்கிறவர்களாக இருக்கும். எதிரே ஒரு லோரி வேகமாக வந்தபோது, இதே மாதிரி லோரி அவர்கள் எதிரேயும் வந்திருக்குமே என்று நினைத்தேன். அண்ணன் தரையைப் பார்த்தபடியே மிதித்தார். ஓரிடத்தில் சட்டென்று நிறுத்திக் குனிந்தார். ரோட்டோரம் ஒரு நட்டு கிடந்தது. கிரீஸ் புதிதாக இருந்தது. அதை எடுத்து என்னிடம் காட்டவில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி மிதித்தார். எனக்கு இரண்டு தடவை மிதிகட்டை தவறியது.

செமாபோக் எல்லையில் ரோடு வளையும் இடத்தில் வண்டியைப் பார்த்தோம். இடது பக்கம் சாய்ந்து, கால்வாயை ஒட்டிய புல் சரிவில் நின்றது. இரண்டு கதவும் திறந்து கிடந்தன. உள்ளே யாரும் இல்லை. தரையில் விஜயாவின் ஒரு செருப்பு கிடந்தது.

அண்ணன் சைக்கிளைக் கீழே போட்டார். ஓடவில்லை. நடக்கவும் முடியாமல் நின்றார். "நீ போய்ப் பாரு" என்று என்னிடம் சொன்னார். நானும் நகரவில்லை. எனக்கும் பயம்தான், சொல்வதில் வெட்கமில்லை.

"அப்பா" என்று குரல் கேட்டது.

எதிர்ப்பக்கம் இளநீர் விற்கிற மலாய்க்காரரின் பந்தல். அங்கே பலகையில் உட்கார்ந்து, ஒரு காலில் செருப்போடு, விஜயா இளநீரை வழித்துத் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ருக்மணி. மூர்த்தி ஸ்பேனர் தேடிப் பக்கத்துப் பட்டறைகளுக்குப் போய் வெறுங்கையோடு அப்போதுதான் திரும்பி வந்துகொண்டிருந்தான். அண்ணன் போய்ப் பிள்ளையைத் தூக்கி உதட்டைப் பார்த்தார். நிறம் சரியாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ருக்மணி நடந்ததை என்னிடம்தான் சொன்னாள். "எளநி குடிக்க நிறுத்தினோம் தம்பி. கெளம்புறப்ப, இவரு இல்லியே, இவருக்குப் பதிலா நாம ஆட்டிப் பாப்போம், வீட்டுக்குப் போயி சொல்லிச் சிரிக்கலாம்னு வெளாட்டுக்குத்தான் ஆட்டுனேன். சக்கரம் தனியா ஆடுது. ரெண்டு நட்டு இல்லவே இல்ல. மூணாவது என் கையோட வந்துருச்சி. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா..."

பிறகு அவள் கண் கணவன் கைக்குப் போனது. ஸ்பேனரில் சந்தனமும் குங்குமமும் வேர்வையில் கரைந்து அவர் விரலெல்லாம் சிவப்பாகியிருந்தது.

"உங்களுக்குச் சேதி சொல்ல நாங்க ஆளே அனுப்பலியே" என்றாள் மெதுவாக. "எப்படி ஸ்பேனரோட வந்தீங்க?"

அண்ணன் பிள்ளையின் வெறுங்காலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

"நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"காத்தடிச்சா சொல்லுவீங்க, மழை தூறுனா சொல்லுவீங்க. கல்யாணமாகி பதினோரு வருசம் பயந்ததையெல்லாம் ஒண்ணு விடாம சொன்னீங்களே. இத மட்டும் ஏன் சொல்லல?"

"சிரிச்சீங்க" என்றார்.

ருக்மணி என்னைப் பார்த்தாள். நான் வண்டியைப் பார்த்தேன். அவள் எழுந்து அவர் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கினாள். முந்தினநாள் வாங்கியதுபோலவேதான் வாங்கினாள். அதைத் தம்பியிடம் கொடுத்தாள், அவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. மூர்த்தி அவர் சட்டைப்பையிலிருந்த நட்டையும் கேட்டு வாங்கி, நாலு நட்டு முறுக்கி வண்டியை மெல்ல வீட்டுக்கு ஓட்டி வந்தான். பிள்ளையை ருக்மணி அதில் ஏற்றவில்லை, பஸ்ஸில் கூட்டி வந்தாள்.

அந்த பிக்கப் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஓடியது. அண்ணன் லைசென்ஸ் எடுத்து நிதானமாக ஓட்டினார். விஜயாவுக்கு இழுப்பு வந்தபோதெல்லாம் அதில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், ஒரு தடவைகூட வழியில் நின்றதில்லை. கிளம்புமுன் நாலு சக்கரத்தையும் ஆட்டிப் பார்ப்பதை அவர் விடவில்லை. தெருவில் யாரும் சிரிப்பதில்லை, நானும்தான். அவர் ஆட்டிப் பார்த்து முடித்ததும் ருக்மணி வாசலிலிருந்து இறங்கி வருவாள். அவர் தள்ளி நிற்பார். அவள் ஒருமுறை எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்த பிறகுதான் பிள்ளை வண்டியில் ஏறும்.