எங்கள் வீட்டு மரவள்ளி இலை

மரவள்ளி இலை கொதிக்கும்போது வரும் பச்சை வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது… நான் சொல்லச் சொல்ல மகள் டைப் செய்கிறாள்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலம். எனக்குப் பன்னிரண்டு வயது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் டத்தோ கிராமட் ரோட்டுக்குப் பின்னால் எங்கள் வாடகை வீடு. அப்பா கிராணியாக, கணக்கு எழுதுபவராக இருந்த ஆபீஸை மூடிவிட்டார்கள். அரிசி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கொல்லையில் முப்பது மரவள்ளிக் குச்சி நட்டார் அப்பா. கிழங்கு விளையப் பத்து மாதம் ஆகும். அதுவரை அம்மா தினமும் இலையைப் பறித்து, கொதிக்கவைத்து, நஞ்சு போக அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைப்பார். பெரும்பாலும் அதுதான் சாப்பாடு.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது.

பள்ளிக்கூடத்தில் கடைசியாக நடந்த பாடம் இலையைப் பற்றியது. “செடிக்கு இலைதான் சமையலறை, மீதியை லீவு முடிந்து சொல்கிறேன்” என்றார் டீச்சர். அந்த லீவில்தான் பினாங்கில் குண்டு விழுந்தது. மீதிப் பாடம் வரவே இல்லை.

மீதியை நானே தேட ஆரம்பித்தேன். மரவள்ளி இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்தால், கைவிரல் மாதிரிப் பிரிந்த ஒவ்வொரு மடலுக்கும் நடுவே ஒரு பெரிய நரம்பு, அதிலிருந்து கிளைகள், கிளைக்குள் வலை மாதிரி இன்னும் சின்ன நரம்புகள்… எல்லாம் காம்பில் வந்து சேர்கின்றன. மேல்பக்கம் கரும்பச்சை. அடிப்பக்கம் வெளிறியிருக்கும். ஏன் இரண்டும் ஒரே மாதிரி இல்லை?

தலைக்குத் தேய்க்க வைத்திருந்த எண்ணெயில் கொஞ்சம் எடுத்து, பறித்த ஓர் இலைக்கு மேலேயும் இன்னோர் இலைக்கு அடியிலும் பூசித் துணிக்கொடியில் தொங்கவிட்டேன். மேலே பூசியது சாயங்காலமே துவண்டுவிட்டது. அடியில் பூசியது மறுநாளும் நிமிர்ந்திருந்தது. அப்படியென்றால் இலை தண்ணீரை வெளியே விடுகிற வாசல் அடிப்பக்கத்தில் இருக்கிறது! எண்ணெய்க்காக அம்மாவிடம் முதுகில் ஓர் அடி வாங்கினேன். வலிக்கவே இல்லை.

அப்புறம்தான் பயம் வந்தது. இலை சமையலறை என்றால், தினமும் அதைப் பறித்தால் கிழங்கு எதில் வளரும்?

அப்பாவிடம் கேட்டேன். இலைதானே, திரும்ப முளைத்துவிடும் என்றார். அம்மாவிடம் கெஞ்சி, வேலியோரம் ஆறு செடிகளைத் தொடாமல் விடச் சொன்னேன். அடையாளத்துக்குக் கிழிந்த புடவைக் கரையைக் கட்டினேன். அம்மாவும் ஒப்புக்கொண்டார்.

ஐந்து மாதம் போயிருக்கும். ஒரு வாரம் அரிசியே கிடைக்கவில்லை. மற்ற செடிகளில் பறிக்க ஒன்றுமில்லை. இரண்டு வயதுத் தம்பி அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் படுத்திருந்தான். அம்மா கூடையோடு வேலிப்பக்கம் வந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

“இத விட்டுர்றேன்னு சொன்னீங்களேம்மா.”

“சொன்னேன். அப்ப வீட்ல அரிசி இருந்துச்சு.”

தம்பியை நினைத்தேன். என் கையாலேயே நான்கு செடிகளின் துணியை அவிழ்த்தேன்.

“இந்த நால எடுத்துக்குங்க. ரெண்ட மட்டும் விட்டுருங்கம்மா.”

 அம்மா நான்கில் மட்டும் பறித்துக்கொண்டு போனார். அன்று தம்பி சாப்பிட்டான்.

கிழங்கு பிடுங்கிய நாளில், தினமும் பறித்த செடிகளில் விரல் தடிமனுக்கு வேர்தான் இருந்தது. அந்த நான்கில் சுமாரான கிழங்கு. விட்டுவைத்த இரண்டை மட்டும் அப்பாவால் ஒரே இழுப்பில் பிடுங்க முடியவில்லை. ஒவ்வொன்றிலும் ஐந்தாறு கிழங்கு, என் முழங்கை நீளத்துக்கு.

அம்மா ஒன்றை ஒடித்தார். வெள்ளை மாவு கையில் ஒட்டியது.

“இந்த மாவெல்லாம் அந்த எலயில செஞ்சதா?”

“ஆமாம்மா. வெயில்ல செஞ்சு, தண்டு வழியா கீழ அனுப்புதுன்னு நெனைக்கிறேன்.”

“அப்ப நான் பறிச்சது எல்லாம் நாளைக்கி சாப்பாடா?”

பரிசோதனை ஜெயித்த சந்தோஷம் அங்கேயே போய்விட்டது.

“அன்னைக்கி வேற என்னம்மா இருந்துச்சு?” என்றேன்.

அடுத்த நடவில் அம்மாவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். ஒரு செடியில் இரண்டே இலை, மறுபடி அந்தச் செடிக்குப் போக ஒரு வாரம். குழம்பில் இலை குறைந்தது. கிழங்கு எங்களைச் சண்டை முடியும்வரை காப்பாற்றியது.

இப்போது மகள் வீட்டில், பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள பிறை ஊரில் இருக்கிறேன். இலை சமைக்கிற அந்த வேலைக்குப் போட்டோசிந்தசிஸ் என்ற வார்த்தையைப் பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தை ரொம்ப வருடம் கழித்துத்தான் கிடைத்தது…

பசாரில் மரவள்ளிக் கொழுந்து கட்டுக் கட்டாக வருகிறது. கை நிறைய வாங்கி வருகிறாள் மகள், ருசிக்காக. எல்லாமே இளங்கொழுந்து. எந்தச் செடியை இப்படி மொட்டையடித்தார்களோ என்று அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பார். நான் சும்மா சாப்பிட்டுவிடுகிறேன்.