ஏற்றத்தில் பின்னால் வந்தவன்

இதைச் சொல்வதால் என் குடும்பத்துக்குப் பெருமை எதுவும் சேராது. இருக்கிற மானத்திலும் கொஞ்சம் போகும். அப்படியொரு கதையை யாராவது இட்டுக்கட்டுவார்களா? இது நடந்தது. எனக்கே நடந்தது. பட்டப்பகலில்.

நாங்கள் சாலிம் வீட்டார். அகபா துறைமுகத்திலிருந்து தலைநகர் அம்மானுக்கு லாரியில் சரக்கு ஏற்றுவது எங்கள் அப்பா காலத்துத் தொழில். எங்கள் கட்டு அவிழ்ந்ததாக ஒரு பேச்சு வந்ததில்லை, என் தம்பி சுவைலிம் நகப் என்கிற மலை ஏற்றத்தில் ஏறிய அந்த நாள் வரை. அவன் டிரெய்லரிலிருந்து இரும்புக் குழாய்கள் பின்பக்கமாகச் சரிந்தன. பின்னால் காலி லாரி ஓட்டி வந்த அத்தல்லா என்பவன் அங்கேயே இறந்துபோனான்.

முறைப்படி பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ஜுர்ஃப் ஊரில் இருந்த அவன் வீட்டாரிடம் சமாதானம் கேட்கப் போனோம். காபி வைத்தார்கள். கேட்டது கிடைக்கும்வரை கோப்பையைத் தொடக் கூடாது. நான் எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னாலும் சத்தியம் செய்தேன்.

"குழாயைக் கட்டின பெல்ட் மட்டமான சரக்கு. என் தம்பி ஒழுங்காத்தான் கட்டினான். வழியில பார்த்த ஒருத்தன்கூடக் குறை சொல்லல."

இறந்தவனின் அண்ணன் ஹாஜி கலஃப் வெகுநேரம் என்னையே பார்த்தார். பிறகு, "குடிங்க" என்றார். எல்லோரும் குடித்தோம். குடித்துவிட்டால் அந்த விஷயத்தைப் பற்றி இரு வீட்டாரும் வாய் திறக்கக் கூடாது.

டிரைவர்கள் திறந்தார்கள். குவைரா டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் போதும், ஆளாளுக்கு வந்து என் டிரெய்லரைச் சுற்றுவார்கள். மகன் பேரை வைத்து அபூ மிஃப்லே என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள்.

"அபூ மிஃப்லே, இன்னொரு சங்கிலி போடுங்க. என்கிட்ட இருக்கு, தரட்டா?"

"அவருக்கு எதுக்குடா? அது சாலிம் வீட்டுக் கட்டு!"

எவன் வண்டியில் சரக்கு ஆடினாலும் அதற்குச் சாலிம் வீட்டுக் கட்டு என்றே பெயராகிவிட்டது. தன் கால்சட்டையைக் கட்டத் தெரியாதவன்கூட எனக்குக் கட்டச் சொல்லிக்கொடுத்தான். பதில் பேசுவது எனக்கு மரியாதையில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அன்றும் குழாய் லோடுதான். அன்றும் நாலு பேர் சொன்னார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். மணி மூன்று இருக்கும். குவைராவைத் தாண்டியதும் புழுதிக்காற்று கிளம்பியது. வெயில் செங்கல் நிறமாகி, அப்படியே இருண்டது. ஏற்றத்துக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டினேன்.

டங்…

பின்னால் யாரோ குழாயைத் தட்டினார்கள்.

டங்… டங்…

ஜன்னலுக்கு வெளியே ஒருவன் வந்து நின்றான்.

"அண்ணே, பின்னால ரெண்டாவது பெல்ட் அறுந்துக்கிட்டிருக்கு. இறங்கிப் பாருங்க."

"நான் கட்டினது. எனக்குத் தெரியும். நீ உன் வண்டியப் பாரு."

"மேட்டுல தாங்காதுண்ணே."

அவன் கத்தவில்லை. அந்தக் காற்றில், ஏற்றியிருந்த கண்ணாடியைத் தாண்டி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. அவன் தலைத்துணி ஆடவில்லை. மீசையில் ஒரு பொட்டுப் புழுதி இல்லை. அப்போது எனக்கு இருந்த கோபத்தில் இதெல்லாம் உறைக்கவில்லை.

"எந்த ஊர்டா நீ?"

"ஜுர்ஃப். ஹாஜி கலஃபுக்குத் தம்பி."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேறொரு தம்பி, குத்திக்காட்டவே வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"காபி குடிச்சப்புறம் இப்படிப் பேசறது உங்க வீட்டுக்கு அழகா?"

"காபி நான் குடிக்கலண்ணே."

வண்டியைக் கிளப்பினேன்.

"நான் பின்னாலேயே வரேன்" என்றான். "யாரையும் கிட்ட விடமாட்டேன்."

ஏற்றம் தொடங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். புழுதிக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள். இரண்டு பக்கமும் சேர்ந்து விட்டுவிட்டு எரிந்தன.

நான் மெதுவாகப் போனேன். அதுவும் மெதுவாக வந்தது. வேகம் கூட்டினேன். அதே இடைவெளி. வளைவில் திரும்பும்போது பின்னால் வருகிற வண்டி ஒரு கணமாவது மறைய வேண்டும்.

மறையவில்லை.

இன்ஜின் சத்தமும் இல்லை…

பட்!

பின்னால் ஏதோ அறுந்தது.

குழாய் உரசுகிற சத்தம். கர்ர்ர்…

நிறுத்த முடியாது. நிறுத்தினால் மொத்தமும் சரியும்.

ஏறினேன்.

விளக்குகள் கிட்டே வந்தன.

இன்னும் கிட்டே…

உச்சியில் போலீஸ் சாவடி. நிறுத்திவிட்டுக் குதித்து ஓடினேன். இரண்டாவது பெல்ட் தொங்கியது. ஒரு குழாய் கை நீளத்துக்கு வெளியே வந்து நின்றிருந்தது. பின்னால் சாலை காலி.

"எனக்குப் பின்னால வந்த லாரி எங்க?"

போலீஸ்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார். "எந்த லாரி? புழுதின்னு அடிவாரத்துலயே ரோட்ட அடைச்சாச்சு. கடைசியா விட்டது உங்க வண்டியத்தான்."

மறுநாள் ஜுர்ஃபுக்குப் போனேன். உதவியை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிற பழக்கம் எங்களுக்கில்லை. நன்றி சொல்லிவிட்டு, அந்த வாய்த்துடுக்கையும் கண்டித்துவிட்டு வரத்தான் போனேன்.

ஹாஜி கலஃப் முழுதும் கேட்டார்.

"எனக்கு இருந்தது ஒரே தம்பி, அபூ மிஃப்லே."

என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவரே தொடர்ந்தார்.

"அன்னிக்கு மேட்டுலருந்து எனக்குப் போன் பண்ணினான். முன்னால போற வண்டியில கட்டு சரியில்ல, கீழேயே நிறுத்திச் சொன்னேன், கெட்ட வார்த்தையில திட்டிட்டுப் போறான்னான். 'பின்னால குழந்தை குட்டியோட கார் வருதுண்ணே. நான் ரெண்டு இன்டிகேட்டரையும் போட்டு நடுவுலயே போறேன்'னான். அதான் கடைசிப் பேச்சு."

"நான் சத்தியம் பண்ணினப்பவே இதச் சொல்லியிருக்கலாமே…"

"என் வீடு தேடி வந்த பெரிய மனுஷன, ஊர் முன்னால பொய்யன்னு சொல்லச் சொல்றீங்களா?"

செருப்பால் அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்கு வந்தேன். விபத்துக்குப் பிறகு சுவைலிம் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. மனம் நொந்துபோய் விட்டுவிட்டான் என்றுதான் ஊரிடம் சொல்லியிருந்தோம். அறைக்குள் போய் நின்று கேட்டேன்.

"அன்னிக்குக் கட்டு சரியில்லன்னு யாராவது உன்கிட்ட சொன்னாங்களா?"

அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். பிறகு மெல்லிய குரலில் கேட்டான்.

"இப்ப உன்கிட்டயும் வர ஆரம்பிச்சுட்டானாண்ணே?"